மழைக்கு முன்னே கூரைக்கு ஏறுங்கள்!

எம்பெக்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் எதைப் பார்ப்பார்கள்? தூணைத்தான். பார்க்க வேண்டியதும் அதுதானே! கழுத்தோடு கழுத்துப் பின்னிய இரட்டை அன்னம், இருதலைக் கண்டபேரண்டம், கட்டிப் பிடித்து நிற்கும் மல்லர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், கொடிக்குள்ளிருந்து எழுந்து வரும் பெண். ஒரு தூணை விட்டு அடுத்த தூணுக்குப் போகக் கால் வராது. மொத்தம் 514 செதுக்கல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எண்ணிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இன்றைக்கு அந்த 514ஐயும் கொஞ்சம் விட்டுவைப்போம். அவற்றுக்கு மேலே ஒரு கூத்து நடக்கிறது, கீழே ஒரு கூத்து நடக்கிறது. பார்வையாளர் கண்ணில் படாத அந்த இரண்டையும் காட்டத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் வந்து பிலிமத்தலாவையில் திரும்பி, தவுலகல பக்கமாக உள்ளே போனால் உடுநுவரையின் வயல்களுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே எம்பெக்கே. கதிர்காமக் கந்தனுக்கான தேவாலயம் இது. கம்பளையில் இருந்து 1357 முதல் 1374 வரை ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு கட்டுவித்தது. தெல்மட மூலாச்சாரி என்ற தச்சர் தலைவர் செய்த வேலை என்று ஊர் மரபு சொல்கிறது. செதுக்குத் தூண்கள் நிற்பது ‘திக்கே’ எனப்படும் மேள மண்டபத்தில். கம்பளை அரச மண்டபத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தூண்கள் இவை என்றும் ஒரு மரபு உண்டு.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த மண்டபத்துக்குச் சுவரே கிடையாது! நாலு பக்கமும் காற்று. மழைச் சாரல் வேண்டிய பக்கத்தால் வரலாம், போகலாம். கண்டியில் வருடத்துக்கு 1,800 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைவிட நிச்சயமாகக் கூடுதல். அதிலும் ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அதன் பின்னால் வடகீழ்ப் பருவ மழை. எங்களுக்குக் கடுங்குளிர்காலம் என்றால் இதுதான். பனிக்கட்டி விழாது, ஆனால் காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, அலுமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு மலைநாட்டில் யாரும் மழை என்ற சொல்லை லேசாக எடுப்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், சுவரில்லாத மண்டபத்தில், மரத்தூண் நூற்றாண்டுக் கணக்காக நிற்கிறது. எப்படி?

முதலில் கீழே குனிவோம். தூணின் அடியைப் பாருங்கள். மரம் மண்ணில் நட்டிருக்கவில்லை. நிலத்திலிருந்து உயர்த்திய கல் மேடை, அதன் மேல்தான் தூண். இதில் அப்படி என்ன அதிசயம் என்கிறீர்களா? இந்தக் கல்லில்தான் பாதி உயிர் இருக்கிறது! மரம் தண்ணீர் குடிப்பது பக்கவாட்டில் கொஞ்சம்தான். அறுத்த முகத்தில், அதாவது நார்க் குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கும் அடியிலும் நுனியிலும், அது பல மடங்கு வேகமாகக் குடிக்கும். தூணை மண்ணில் புதைத்தால் அந்த வாய்கள் எல்லாம் ஈர மண்ணில் இருக்கும். மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நிலைத்துவிட்டால், மரத்தை உக்க வைக்கும் பூஞ்சைக்கு அழைப்பு அனுப்பியது போலத்தான். கல் நடுவில் வந்தால் மண்ணின் ஈரம் மேலே ஏற வழியில்லை. கறையானும் அப்படியே. மண்ணில் நட்ட தூணுக்குள் அது எங்களுக்குத் தெரியாமலே புகுந்துவிடும். கல் மேல் நிற்கும் தூணுக்குப் போக வேண்டுமென்றால் கல்லின் முகத்தில் மண்குழாய் கட்டிக்கொண்டு, ஊரறிய, பட்டப்பகலில் ஏற வேண்டும். காலையில் கூட்டுகிறவர் ஒரு விளக்குமாற்றுத் தட்டில் அதைக் கலைத்துவிடலாம்.

இதே சூட்சுமத்தை உலகத்தின் மறுமுனையில் நோர்வேக்காரர்களும் கண்டுபிடித்தார்கள் என்று படித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அங்கே மரத்தாலேயே எழுப்பிய பழைய தேவாலயங்கள் உண்டு. முதலில் தூண்களை மண்ணில் நட்டுக் கட்டினார்கள், அவை உக்கிப்போயின. பிறகு கல் வரிசை வைத்து, அதன் மேல் கனமான அடிமரம் கிடத்தி, அதில் தூண்களை நிறுத்தினார்கள். போர்குண்டில் இருக்கும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் பனியையும் உறைபனியையும் தாங்கி இன்றும் நிற்கிறது. அவர்கள் அதற்குப் பைன் மரத் தார் பூசுகிறார்கள். எங்கள் பக்கத்திலும் அதே அடிமரம் உண்டே! குருணாகல் பக்கம் பனாவிட்டிய அம்பலம், கரகஹகெதர அம்பலம் என்ற வழிப்போக்கர் மடங்களைப் போய்ப் பாருங்கள். பாறைக் கற்கள், அவற்றின் மேல் கிடத்திய பருத்த மரங்கள், அதன் மேல் தூண்கள். பனி விழும் நாட்டுத் தச்சனும் மழை கொட்டும் நாட்டுத் தச்சனும் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை. தண்ணீர்தான் இருவருக்கும் வாத்தியார்.

சரி, இப்போது தலையை நிமிர்த்துங்கள். எம்பெக்கே மண்டபத்தின் ஒரு கோடியில், தூண்களையெல்லாம் மறந்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். அங்கேதான் இந்த நாட்டுத் தச்சு வேலையின் கொள்ளை அழகு இருக்கிறது. கூரையின் 26 கைமரங்கள் விசிறி மாதிரி விரிந்து வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. கூடும் இடத்தில் அத்தனையையும் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு மர முளை! சிங்களத்தில் அதற்கு ‘மடோல் குருபாவ’ என்று பெயர். இரும்பு ஆணி அடித்து முடுக்கியது அல்ல. இது வெறும் சாமர்த்தியம் காட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஈரக் காலத்தில் மரம் ஊதும், தை மாசி வெயிலில் சுருங்கும். இரும்பு ஆணி அதோடு சேர்ந்து ஊதாது, சுருங்காது. துருப்பிடிக்கும், பிடித்த துரு சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து இற்றுப்போகச் செய்யும். மர முளையோ மரத்தோடு மரமாக அசையும். இதைக் கட்டியவன் மழையை எவ்வளவு காலம் உட்கார்ந்து பார்த்திருப்பான்!

அருங்காட்சியகப் பேச்சு போதும். வேலை நடக்கும் இடத்துக்கு வாருங்கள்.

எம்பெக்கே வீதியோரத்தில் இன்றும் உளிச் சத்தம் கேட்கும். மரச் செதுக்கல் கடைகள், பட்டறைகள், வாசலில் காயும் பலகைகள். அந்தப் பக்கத்தில் என் சிநேகிதி ஒருத்தியின் பூட்டன் காலத்து வீடு இருக்கிறது. முன் விறாந்தையில் எட்டுப் பட்டைத் தூண்கள், தலையில் தாமரைப் போதிகை, மேலே நாட்டு ஓடு. செப்டெம்பரில் மழைக்கு முன் வேலை நடக்கிறது என்று அவள் சொன்னதுதான் தாமதம், ஓடினேன். வயதான தச்சுப் பாஸ் ஒருவர், கூடவே அவருடைய மகன். விறாந்தையில் உளி, கொட்டாப்புளி, தமரூசி எல்லாம் சாக்கின் மேல் பரப்பியிருந்தது. பார்த்தவுடன் எனக்கு வாய் நிற்கவில்லை.

“என்ன நிற வார்னிஷ் அடிக்கப் போறீங்க பாஸ்?”

“வார்னிஷ் எங்க ஓடிப் போகுது மகள்? மொதல்ல கூரைக்கு ஏறுவம்.”

அவ்வளவுதான், முழு வேலையின் ரகசியமும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. தூணுக்கு வைத்தியம் கூரையில் தொடங்குகிறது. மகன் ஏணியில் ஏறி ஓட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினான். விரிசல் விட்டது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். பாசி பிடித்ததைத் தும்புக் கட்டையால் தேய்த்தான். ஓடு இடம் மாறிக் கிடப்பதற்குக் காரணம் யார் தெரியுமா? குரங்கு! கண்டிப் பக்கத்தில் ரிலவுக் கூட்டம் ஒன்று பலாப் பழம் தேடிக் கூரை வழியே போனால், பின்னால் பத்து இடத்தில் வானம் தெரியும். விலகிய ஒரு ஓட்டின் வழியாக இறங்கும் நீர், ரீப்பையில் இறங்கி, கைமரம் வழியே ஓடி, தூணும் வளையும் சேரும் பொருத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெளியே ஒரு துளிகூடத் தெரியாது. அடுத்த வருடம் போதிகை ஒரு பக்கம் சாயும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும்.

அடுத்தது பீலி. பலாச் சருகும் மாஞ்சருகும் அடைத்து, உள்ளே சின்னச் செடியே முளைத்திருந்தது. பீலி அடைத்தால் தண்ணீர் பின்பக்கமாக வழிந்து கூரை ஓரப் பலகையை நனைக்கும். பாஸ் பீலியைக் கையாலேயே வழித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போகிறது என்று கடைசிவரை கண்ணால் பின்தொடர்ந்தார். பார்க்க எனக்கு அவ்வளவு ஆனந்தம்! தண்ணீர் போகும் வழியைத் தண்ணீரிடமே கேட்கிற வைத்தியர் அவர்.

பிறகுதான் தூண். கொட்டாப்புளியால் அடியிலிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே போனார். “கேளுங்க.” டங், டங், டங் என்று வைரம் பாய்ந்த மரத்தின் சத்தம். மூலையில் நின்ற தூணின் அடியில் மட்டும் பொத்தென்று விழுந்தது. அங்கே தமரூசியைக் குத்தினார். நல்ல மரத்தில் ஊசி நுனி தடுத்து நிற்கும். இங்கே சுளுவாக உள்ளே போனது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே உக்கல்! ஏன் இந்தத் தூணுக்கு மட்டும்? பாஸ் பதில் சொல்லாமல் தரையைக் காட்டினார். யாரோ பின்னாளில் விறாந்தைக்குச் சீமெந்து போடும்போது, கல்லை மூடித் தூணின் அடி வரைக்கும் சீமெந்தை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தரையைக் கழுவும் தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் தேங்கி, ஒவ்வொரு நாளும் மரத்தின் அடிவாய்க்குள் போயிருக்கிறது. பூட்டன் கல் வைத்துக் கொடுத்த உயிரை, அழகுக்காகப் போட்ட சீமெந்து குடித்துவிட்டது. இந்தத் தவறு இந்த மாவட்டத்தில் எத்தனையோ பழைய வீடுகளில் நடந்திருக்கிறது. யாராவது உங்கள் வீட்டில் மரத்தூணைச் சுற்றிச் சீமெந்து பூச வந்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

வைத்தியத்தைக் கேளுங்கள். தூணுக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கவைத்து, உக்கிய அடியை மட்டும் அறுத்து எடுத்தார்கள். நேராக வெட்டவில்லை. படிபோல வெட்டி, புதுத் துண்டிலும் அதே படி வைத்து, கைகோத்த மாதிரிப் பொருத்தி, குறுக்கே மர முளை இறக்கினார்கள். புதுத் துண்டு என்றாலும் மரம் புதியதல்ல. இடித்த வீடொன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய பலா வளை. பச்சை மரத்தை வைத்தால் காயும்போது சுருங்கி, பொருத்து வாய் பிளக்கும் என்றார். காய்ந்து முடிந்த பழைய மரம் அடங்கி இருக்கும். நாரின் ஓட்டம் மேல் துண்டோடு ஒத்துப்போகும்வரை அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வைரப் பகுதி மட்டும்தான் எடுத்தார், வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட்டார். வண்டுக்கும் பூஞ்சைக்கும் அந்த வெள்ளைதான் விருந்து.

கடைசியில்தான் எண்ணெய். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டி வைத்தியம் இருக்கிறது! முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கறுப்பெண்ணெய் கறையானுக்கு எமன், கடற்கரை ஊர்களில் வள்ளத்துக்கும் பூசுவார்கள். கண்டியின் பழைய ஓவியங்களுக்கு மேல் பூச்சாகப் போட்ட தோரண எண்ணெய், காட்டு மரத்துப் பிசின். லின்சீட் எண்ணெய் கடையிலேயே கிடைக்கும். எதைப் பூசினாலும் விதி ஒன்றுதான். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அதனால்தான் எண்ணெய் வேலைக்கு மாசி, பங்குனி நல்ல காலம். மழைக்கு முன்னே செய்வதென்றால் ஒரு வாரம் நல்ல வெயில் கிடைக்க வேண்டும். வெட்டிய முகத்துக்கு இரண்டு மூன்று தரம், அது குடித்துக் குடித்து இனிப் போதும் என்று விடும்வரை பூச வேண்டும்.

பளபளக்கும் வார்னிஷ் வெளி மரத்துக்கு எனக்குப் பிடிக்கவேயில்லை. முதல் வருடம் கண்ணாடி மாதிரி மின்னும். மரம் ஊதிச் சுருங்கும்போது அந்தத் தோல் வெடிக்கும். வெடிப்பால் புகும் தண்ணீர் தோலுக்கடியில் அகப்பட்டு வெளியேற முடியாமல் கிடக்கும். எண்ணெய் அப்படி உரியாது, மங்கத்தான் செய்யும், மேலே இன்னொரு கை பூசினால் முடிந்தது. பழைய எஞ்சின் ஒயிலைப் பூசுவது எங்கள் ஊரில் பெரிய வழக்கம். செலவில்லை, கறுப்பாகி அழகாகவும் இருக்கும் என்பார்கள். வேண்டாம்! அதில் கலந்திருக்கும் உலோகக் கழிவு மழையோடு கிணற்றுக்கும் வயலுக்கும் போகும். போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீர் வண்டுக்கும் பூஞ்சைக்கும் கெட்டிக்கார மருந்து. இறப்பர் மரத்தைத் தளபாடத்துக்குத் தயாராக்கும்போது இந்த வகை உப்புத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் நேரடி மழை பட்டால் கரைந்து போய்விடும், ஆகவே கூரைக்குள் இருக்கும் கைமரத்துக்கும் வளைக்கும் மட்டும் அது.

கூரை எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சாட்சி இருந்தது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833 இல் திறந்த முதிரை மரப் பாலம்! ஒரே வளைவில் 205 அடி. ஜோன் பிரேசர் என்ற பிரித்தானியப் படை அதிகாரி அமைத்தது. ஆணி ஒன்றுகூட இல்லாமல் பொருத்தியது என்று அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. நினைத்துப் பாருங்கள், அந்த மஞ்சள் மின்னும் முதிரை வளைவு ஆற்றின் மேல் எப்படி நின்றிருக்கும்! முதிரை எங்கள் மரங்களிலேயே உறுதியான ஒன்று. ஆனாலும் வெயிலும் மழையும் வண்டிப் பாரமும் நேரே வாங்கிய அந்தப் பாலம் ஏறத்தாழ 70 வருடம் உழைத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடத்தை இரும்புக்கு விட்டுக் கொடுத்தது. எம்பெக்கே தூண்களுக்குப் பாரம் குறைவு என்பது உண்மைதான். அதோடு தலைக்கு மேல் ஓடும் இருந்தது.

கண்டி நகருக்குள் கூரையின் இந்தக் காவலைப் பார்க்க வேண்டுமென்றால் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் மகுல் மடுவைக்குப் போங்கள். நாயக்கர் வம்சத்து இராஜாதி இராஜசிங்கன் 1783 இல் தொடங்கிய அரச மண்டபம், 1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் வாசித்த இடம். அங்கேயும் சுவரில்லை, செதுக்கிய மரத்தூண்கள், தாழ இறங்கும் கூரை. கண்டிக் கூரை முகட்டருகில் செங்குத்தாக இறங்கும், கீழே வரவர சரிவு குறைந்து வெளியே நீளும். மேலே வேகமாக ஓடிவரும் தண்ணீரைக் கீழ்ச் சரிவு தூக்கித் தூணுக்கு அப்பால் வீசிவிடுகிறது. மழை பெய்யும்போது அங்கே ஒதுங்கி நின்று பார்த்தால்தான் இது புரியும். வெயில் நாளில் போகிறவர்களுக்கு நாடகத்தின் நல்ல காட்சி கிடைக்காது!

எங்கள் கோயில் தேரும் மரம்தான், அதுவும் வெளியில் நிற்பதுதான். ஆனால் தேருக்குத் தேர்முட்டி என்று கதவுள்ள வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறோம். வருடத்தில் ஓரிரு நாள் வெளியே வந்து உலாப் போனால் அதற்குப் போதும். மண்டபத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் வருடா வருடம் யாராவது ஏணி ஏற வேண்டியிருக்கிறது. ஏறத் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். பாஸின் மகன் ஏறுகிறான் என்பதே எனக்கு அன்று கிடைத்த பெரிய சந்தோஷம்.

ஆகவே கண்டிப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். எம்பெக்கேயில் அன்னத்தையும் மல்லனையும் கண்ணால் தொடுங்கள், கையால் வேண்டாம். கையின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் செதுக்கலை மழுங்க வைக்கும். உங்கள் வீட்டு விறாந்தையில் மரத்தூண் இருந்தால், செப்டெம்பர் முடிவதற்குள் அதன் அடியைத் தட்டிப் பாருங்கள், பீலியை வழித்துவிடுங்கள், கூரையில் விலகிய ஓட்டைச் சரிசெய்யுங்கள். ஏணியைக் கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கட்டாயம் இருக்கட்டும்.